எட்டுக் கத்தி

வண்டியில் எட்டுக் கத்தி இருந்தது.
காய்க்கு நாலு, கறிக்கு மூணு,
இலை நறுக்க ஒன்று.
எட்டும் பின்னால், சாக்கில் சுற்றி,
அண்டாவுக்கு அடியில்.
எட்டும் எட்டவில்லை.

கானாடுகாத்தானில் கல்யாணம், இரண்டு நாள்.
கடைசிப் பந்தி எழுந்து, பாத்திரம் கழுவி ஏற்றியபோது
மணி பன்னிரண்டரை. ஐப்பசி மழை.
மாஸ்டரும் ஆட்களும் லாரியில் போய்விட்டார்கள்.
டவேராவில் நானும் பாக்கியநாதனும் மட்டும்.
என் மடியில் மிஞ்சிய சீயம் ஒரு பொட்டலம்.

பள்ளத்தூர் தாண்டி ஒரு வளைவு.
நடுரோட்டில் எருமைக்கன்று.
அவ்வளவுதான் தெரியும்.
அப்புறம் ஊருணி.

இடப்பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது வண்டி.
கீழே நான். என் ஜன்னலுக்கு வெளியே சேறு.
மேலே பெல்ட்டில் தொங்கிக்கொண்டு பாக்கியநாதன்,
அவன் நெற்றியிலிருந்து என் தோளில் சொட்டு, சொட்டு.
கூப்பிட்டேன்.
"ம்" என்றான்,
உப்புச் சரியா என்று கேட்டதற்குச் சொல்கிறவன் மாதிரி.
தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது.
பெல்ட் பூட்டை அமுக்கினேன். அமுக்கினேன்.
விடவில்லை.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாமான் உண்டு அந்த வண்டியில்.
உள்ளங்கை நீளம்.
ஒரு முனையில் எஃகு மூக்கு,
மறுமுனையில் கொக்கிக்குள் ஒளிந்த பிளேடு.
செக்காலை ரோட்டில் இருநூற்றி எழுபது ரூபாய்க்கு வாங்கி
கியர் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தான்.
இரண்டு வருஷமாய் நான் அதில்
பால் பாக்கெட் வெட்டினேன்,
சீரகப் பை, சேமியா, அரிசி மூட்டையின் சணல்.
ஒவ்வொரு தடவையும் கத்துவான்:
"பஞ்சவர்ணக்கா, அது அதுக்கில்லை."
பின்னே எதுக்கு என்று நான் கேட்டதே இல்லை.

ஆனால் திருடித் திருடிப் பழகிய கை.
இருட்டில், தண்ணீரில், சாய்ந்த வண்டியில்
நேராகப் போய் எடுத்தது.

பிளேடு மழுங்கியிருந்தது. என் கைங்கர்யம்.
ஒரே இழுப்பில் அறவேண்டிய பெல்ட்
நாலு இழுப்பு வாங்கியது.

எழுந்து நின்று முன்கண்ணாடியைத்தான் முதலில் அடித்தேன்.
வெள்ளையாய்ப் பூத்தது, பிரியவில்லை;
ஆடை கட்டிய பாலைப்போல் அப்படியே நின்றது.
பிறகு அவனைத் தாண்டிக் கை நீட்டி மேல் ஜன்னல்.
நடுவில் ஒன்று. டங்.
இன்னொன்று. டங்.
"மூலை" என்றான் பாக்கியநாதன்.

மூலையில் தட்டியதும்
ஜன்னல் முழுதும் கற்கண்டாய் உதிர்ந்தது,
அவன் மேல், என் மேல்,
கூடவே மழையும்.

"தாங்கிக்கிறேன்" என்று சொல்லி அவன் பெல்ட்டை அறுத்தேன்.
தாங்க முடியவில்லை.
இரண்டு பேரும் முங்கி எழுந்தோம்.
என் மூக்குக்கு முன்னால் ஒரு சீயம் மிதந்துபோனது.
சிரிப்பு வந்தது. அழுகைதான் அது, வேறு வழியாக வந்தது.

புதுவயல் பால்வேன்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள்.

விடிந்ததும் வண்டியைத் தூக்கிக் கரையில் வைத்து
சாக்கைப் பிரித்த ஏட்டு
கத்திகளை வரிசையாய் அடுக்கி எண்ணினார்.
"இத்தனை கத்தி எதுக்கும்மா?"
சமையல் என்றேன்.
எழுதிக்கொண்டார்.
ஆரஞ்சு சாமானைப் பற்றி அவர் கேட்கவில்லை.
அது ஊருணியில் எங்கோ.

மூன்று நாள் கழித்தும் தலை வாரினால்
சீப்பில் கண்ணாடி வந்தது.
பாக்கியநாதனுக்குப் பதினொரு தையல், ஒரு தோள்பட்டை.
நான் செக்காலை ரோட்டுக்குப் போய்
இரண்டு வாங்கினேன்.
"எந்த வண்டிக்கு?" என்றான் கடைப்பையன்.
வண்டி இல்லை.
ஒன்று அவனுக்கு. ஒன்று என் இடுப்புச் சாவிக்கொத்தில்,
எந்த வண்டியில் ஏறினாலும்.

பையன் கெட்டிக்காரன்,
பில் போட்டுக்கொண்டே விற்கிறான்:
"பால் பாக்கெட்டும் வெட்டலாம்க்கா இதுல."

அது அதுக்கில்லை, தம்பி.